பனியில் குதிப்பவனுக்கும் புரவலர் வேண்டும்: சிவகாசித் தொழிலதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாயில்பட்டி,
விருதுநகர் மாவட்டம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நடத்திவரும் மரியாதைக்குரிய அண்ணாச்சிமார்களுக்கு,

பங்குனிப் பொங்கலுக்கும், கபடிப் போட்டிக்கும், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கும், ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் என்று வருஷம் முழுவதும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்பதையும், அவர்களில் பெரும்பாலோரை நீங்கள் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில்லை என்பதையும், இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த நான் நன்கு அறிவேன். ஆகையால், கொடுக்கத் தெரியாதவர்களுக்குக் கொடையை உபதேசிக்கும் நோக்கத்தோடு இம்மடலை எழுதுவதாக எண்ணிவிட வேண்டாம். பனிச்சறுக்கு, ஸ்கேட்போர்டு, அலைச்சறுக்கு முதலிய விளையாட்டுகளில், உடலை அந்தரத்தில் எறிந்து, சுழற்றி, மீண்டும் பாதத்தை உரிய இடத்தில் ஊன்றும் கலையைப் பயில்கிற இளைஞர்கள் உங்களிடம் ஆதரவு நாடி வரும்போது, நீங்கள் அவர்களை எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதைப் பற்றியே உங்களோடு நேருக்கு நேர் பேச விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்து இளைஞன் ஒருவன், மாமல்லபுரத்தில் விடுதி வேலைக்குப் போன இடத்தில் ஸ்கேட்போர்டு ஏறக் கற்றுக்கொண்டு, என்றாவது ஒரு நாள் இமயத்துப் பனிச்சரிவில் ஸ்கீ பலகைகளைக் காலில் பூட்டி அதே வித்தைகளைச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு ஊர் திரும்பியிருந்தான். ஆதரவு கேட்டு அவன் சென்ற ஒரு நிறுவனத்துக்குத் துணையாக நானும் சென்றிருந்தேன். அங்கே அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டே: இதுவரை எத்தனை பதக்கம் வாங்கியிருக்கிறாய், கைபேசியில் உன்னை எத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள்? இரண்டுக்கும் அவனிடம் சொல்லிக்கொள்ளும்படியான விடை இல்லை. எத்தனை காலமாகப் பயில்கிறாய் என்றோ, எப்படிப் பயில்கிறாய் என்றோ, மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்கு ஏன் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறாய் என்றோ யாரும் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவ்விரண்டு கேள்விகளும் நம் ஊரில் எந்த வாசலிலும் கேட்கப்படக்கூடியவையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

இந்த விளையாட்டின் ஸ்வபாவத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தீர்களானால், அக்கேள்விகள் எவ்வளவு பொருந்தாதவை என்பது உங்களுக்கே விளங்கும். பனிப் பிரதேசங்களில் மலைச்சரிவின் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, பனியாலேயே பெரும் மேடுகளைக் கட்டி, இடையிடையே இரும்புக் கம்பிகளையும் பெட்டி வடிவத் தளங்களையும் பதித்து வைக்கிறார்கள். இதற்குப் பார்க் என்று பெயர். மேலிருந்து இறங்கி வருகிறவன் கம்பியின்மீது குறுக்காக வழுக்கிச் சென்று, மேட்டின் விளிம்பிலிருந்து எழும்பி, அந்தரத்தில் இரண்டு மூன்று சுற்றுகள் சுழன்று, சில வேளைகளில் முதுகு முன்னே செல்லப் பின்புறமாகவே இறங்கி, அந்த இறக்கத்தின் வேகம் குறையுமுன்னரே அடுத்த மேட்டுக்குத் தயாராகிறான். ஸ்லோப்ஸ்டைல் என்றும், அரைக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் நடக்கும்போது ஹாஃப்பைப் என்றும் வழங்கும் இவ்வகை ஸ்கீ போட்டிகள் 2014-இல் சோச்சி நகரில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். இங்கே கடிகாரத்துக்கு வேலையில்லை. எழும்பிய உயரம் எவ்வளவு, செய்த வித்தைகள் ஒன்றையொன்று ஒத்தனவா வேறுபட்டனவா, கடினமானவையா, செய்நேர்த்தியோடு முடிந்தனவா, கலையை ஒரு படியாவது முன்னே நகர்த்தினவா என்று நடுவர்கள் மனிதக் கண்களால் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். உலகத்தின் நடுவர்களே இத்தனை கோணங்களில் பார்க்கிற ஒருவனை, அவனுக்குப் பொருளுதவி செய்யப்போகிற நீங்கள் பதக்கம் என்ற ஒரே கோணத்தில் பார்ப்பது எப்படி நியாயமாகும்?

இவ்வித வீரனிடம் நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது அவனுடைய விவேகத்தை என்பது என் உறுதியான அபிப்பிராயம். தைரியத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது கண்ணில் படும். ஒரு புதிய சுழற்சியைக் கற்கிறவன் அதை முதலில் டிராம்போலினில் பழகி, பிறகு நீரிலோ காற்றடைத்த பெரிய மெத்தையிலோ போய் விழும் சாய்தளத்தில் பலமுறை செய்து பார்த்து, உடல் தானாகவே வழியறிந்த பின்னரே பனிக்குக் கொண்டுவருகிறான். அப்படிக் கொண்டுவந்த நாளிலும், காற்று திசை மாறியிருந்தாலோ, இறங்குமிடத்துப் பனி இறுகிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தாலோ, கூட்டம் கைதட்டிக் கூப்பிட்டாலும் குதிக்காமல் திரும்பிவிடுகிறான். நாம் ஆபீஸ் என்று சொல்லும் உங்கள் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு ஓர் அனுபவசாலியை நியமிக்கும்போது, அவர் ஒரு நாளில் எத்தனை கிலோ கலப்பார் என்பதைவிட, வெயிலும் ஈரமும் சந்தேகம் தரும் நேரத்தில் கையை எடுத்துவிட்டு வெளியே வந்து நிற்கத் தெரிந்தவரா என்பதைத்தானே போர்மேன் முதலில் விசாரிக்கிறார்? அந்த விசாரணையை இந்த இளைஞர்கள் விஷயத்திலும் செய்யுங்கள். அவனோடு பயில்கிறவர்களிடம் கேளுங்கள். எந்தெந்த நாட்களில் குதிக்க மறுத்தான் என்று சொல்வார்கள். அந்தப் பதில் பத்துப் பதக்கங்களைக் காட்டிலும் அதிகம் சொல்லும்.

அடுத்ததாக, அவன் தன் கலைக்கு எதைப் புதிதாகக் கொண்டுவருகிறான் என்று பாருங்கள். இதில் உங்களுக்கு லாபமும் உண்டு என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் கனடா நாட்டு ஸ்கீ வீரர் மைக் டக்ளஸும் அவருடைய தோழர்களும், பழைய போட்டிமுறையின் கட்டுப்பாடுகளில் சலிப்புற்று, ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்கள் பார்க்கில் செய்வதையெல்லாம் இரட்டைப் பலகையிலும் செய்யலாம் என்று கண்டார்கள். ஆனால் அக்காலத்து ஸ்கீ பலகைகளுக்கு முன்முனை மட்டுமே மேல்நோக்கி வளைந்திருந்தது. பின்புறமாக இறங்கினால் வால் பனியில் குத்திக்கொள்ளும். இரு முனையும் வளைந்த பலகை வேண்டும் என்று தங்கள் யோசனையை எழுதிக்கொண்டு பல கம்பெனிகளை அணுகினார்கள். மற்றவர்கள் செவிகொடாதபோது, சாலமன் என்ற பிரெஞ்சு நிறுவனம் செவிகொடுத்தது. 1998-இல் டென்-எய்ட்டி என்ற பெயரில் வெளிவந்த அந்தப் பலகை இவ்விளையாட்டின் முகத்தையே மாற்றிவிட்டது. இன்று பார்க்கில் இறங்குகிற எவனும் இருமுனை வளைந்த பலகையில்தான் இறங்குகிறான். வீரனுக்குப் பணம் கொடுத்து அவன் மார்பில் தன் பெயரை ஒட்டிக்கொள்வதோடு நில்லாமல், அவன் சொல்லைக் கேட்ட நிறுவனத்துக்குக் கிடைத்த பலன் அது. பட்டாசில் அணில் மார்க்கையும் சேவல் மார்க்கையும் குழந்தைகளின் நாவில் ஏற்றிய ஊர்க்காரர்களுக்கு, பெயரும் பொருளும் சேர்ந்து வளர்வது எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை.

நம் தேசத்தில் பார்க் ஸ்கீ இன்னும் வேர்விடாத விளையாட்டே. ஆயினும் பனியில் தனியாக நின்று போராடியவர்களின் கதை நமக்கு உண்டு. கேரளத்துத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து, மணாலிப் பக்கத்தில் வளர்ந்த சிவ கேசவன், லூஜ் என்னும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் 1998-இல் நாகானோவில் தொடங்கி 2018-இல் பியோங்சாங் வரையில் ஆறு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். பயிற்சிக்குப் பனிப்பாதை இல்லாத காலங்களில், வண்டிக்குச் சக்கரம் பொருத்தி, லாரிகளும் ஆட்டு மந்தைகளும் குறுக்கே வரும் மலைச்சாலையில் உருண்டு பழகினார். காஷ்மீரத்துக் குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற மேற்கொண்ட பிரயத்தனம் பணமுடையால் தடைப்பட்டு நின்றது; பின்னர் அவர் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் ஆதரவோடு ஐரோப்பாவில் பயின்று, 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திச் சென்றார். பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளில், பலர் தடுமாறி விழுந்து வெளியேறிய ஜயண்ட் ஸ்லாலம் ஓட்டத்தை முடித்து, 45-ஆம் இடத்தைப் பெற்றார். ஆரிஃபின் துறை வாயில்களுக்கிடையே விரையும் ஆல்பைன் ஸ்கீ. பார்க்கில் சுழலும் கலை அதனின்றும் வேறு. ஆனால் இருவகையாருக்கும் பசி ஒன்றுதான். 45-ஆம் இடம் என்றதும் உங்களில் சிலர் உதட்டைப் பிதுக்கக்கூடும். பதக்கத்தை மட்டுமே நாடுகிறவர் அவரை 2018-லும் கைவிட்டிருப்பார், 2022-லும் கைவிட்டிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பனியை விட்டு நம் கடற்கரைக்கு வருகிறேன்; எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் என்பவர், அலைமேல் பலகையேறி நிற்கும் வித்தையைத் தம் முயற்சியாலேயே கற்று, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கத் தொடங்கினார். தம்மிடம் கற்க வருகிறவர்கள் புகையையும் மதுவையும் தொடக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு அவருக்குக் கைகொடுத்தார். 2012-இல் கோவ்லாங் பாயிண்ட் என்ற அலைச்சறுக்குப் பள்ளி அங்கே உருவாயிற்று. அப்போது மூர்த்தியிடம் உலகக் கோப்பை எதுவும் இருக்கவில்லை. அலைச்சறுக்கு அன்று ஒலிம்பிக் விளையாட்டாகக்கூட இல்லை; டோக்கியோவில்தான் ஸ்கேட்போர்டும் அதுவும் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துக் கரையிலேயே நடந்தபோது, கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஓர் இந்தியருக்கு அப்போட்டியில் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. இந்தியாவில் இப்படி ஒரு விளையாட்டு உண்டென்றே பெரும்பாலோர் அறியாதிருந்த நாளில் அதற்காகப் பணமும் பொழுதும் செலவிட்டவர்கள் கண்ணாரக் கண்டிருக்கவேண்டிய நாள் அது.

அதே மாமல்லபுரத்தில், செருப்பில்லாத காலோடு ஸ்கேட்போர்டின்மீது பாய்ந்திறங்கும் சிறுமி கமலியின் புகைப்படம் உலகெங்கும் பயணம் செய்தது. அவளையும் அவள் தாயையும் பற்றிச் சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்னும் குறும்படம், 2020-இல் பிரிட்டிஷ் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. விருதை வென்ற படமும், காபூல் நகரத்துச் சிறுமிகள் ஸ்கேட்போர்டு பயில்வதைச் சொன்னதே. கமலி ஒலிம்பிக் பதக்கம் எதையும் கழுத்தில் அணிந்திருக்கவில்லை. ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பெண்குழந்தை, பெண்ணுக்கு இது தகுமா என்று கேட்கும் கண்களுக்கு நடுவே, சாய்தளத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்து, பிறகு இறங்குகிறாள் என்பதே உலகத்தை அவள்பால் இழுத்தது. எங்கள் தாயில்பட்டியில், தாயும் பாட்டியும் பயர் ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் வருகிற வீடுகளில், அப்படி இறங்கக்கூடிய பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நான் திடமாக நம்புகிறேன்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். ஆதரவு பெறுகிறவனுக்குத் தகுதி வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், ஆதரவு தருகிறவருக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஹாஃப்பைப் ஸ்கீயில் பெண்களுக்கும் ஒலிம்பிக்கில் இடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடி வென்றவர் கனடாவின் சாரா பர்க். அந்த இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே, 2012 ஜனவரியில், அமெரிக்காவின் பார்க் சிட்டியில் தம் ஆதரவு நிறுவனமொன்று நடத்திய தனியார் நிகழ்ச்சியில் பயிற்சி செய்கையில் விழுந்து, சில நாட்களில், 29 வயதில் மறைந்தார். அது தேசிய சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சி அன்று என்பதால் சங்கத்தின் காப்புறுதி அதற்குச் செல்லவில்லை. மருத்துவமனைச் செலவை ஈடுகட்ட உலகெங்கும் உள்ள ரசிகர்கள் சிறுகச் சிறுகப் பணம் திரட்டவேண்டியதாயிற்று. இச்செய்தியை வேறு யாருக்கு விளக்கவேண்டியிருந்தாலும், 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது எழுந்த புகையைப் பார்த்த ஊர்களின் மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வேலைக்குப் போன ஒருவர் திரும்பாமற்போனால் அந்த வீட்டுக்கு என்ன நேர்கிறது, நஷ்டஈட்டுக்காக எத்தனை படிகள் ஏறி இறங்க நேர்கிறது என்பதை எங்கள் ஒவ்வொரு தெருவும் அறியும். ஆகையால், நம் ஊர்ப் பணம் ஓர் இளைஞனை அந்தரத்துக்கு அனுப்புமானால், அவன் விழக்கூடும் என்பதையும் எண்ணியே அனுப்பவேண்டும். விளம்பரப் படத்துக்காக அவனைக் கூடுதலான உயரத்திலிருந்து குதிக்கச் சொல்வதும், கையில் பட்டாசைக் கொளுத்திக் கொடுத்துக் குதிக்கச் சொல்வதும் உங்கள் ஒப்பந்தத்தில் என்றைக்கும் இடம்பெறக்கூடாத காரியங்கள்.

"மழையே அரிதான கரிசல் காட்டில் உட்கார்ந்துகொண்டு பனிவிளையாட்டு எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பியபோது, இந்த மண்ணில் அந்தத் தொழிலுக்கு முன்மாதிரி இருந்ததா? மழை குறைந்த வறண்ட காற்றே அத்தொழிலுக்கு அனுகூலம் என்பது பிறகல்லவா துலங்கிற்று? தன் ஊரில் இல்லாத ஒன்றைத் தேடி இளைஞர் இருவர் நெடுந்தொலைவு போய்க் கற்றுவந்ததன் பயனை நூறு ஆண்டுகளாக அனுபவித்துவருகிற ஊர், அதுபோலவே தொலைதூரம் போய்க் கற்க விரும்புகிற இன்னோர் இளைஞனிடம், இங்கே இல்லாததைப் பற்றிப் பேசாதே என்று சொல்லலாகாது. மேலும், பார்க் ஸ்கீக்கு வேண்டிய சமநிலையும் அந்தரத்து அறிவும் பனியில்தான் பிறக்கவேண்டும் என்பதில்லை. சிமென்ட் தளத்தில் ஸ்கேட்போர்டிலும், டிராம்போலினிலும், கடலலையிலும் அவற்றுக்கு அஸ்திவாரம் இட முடியும். டோக்கியோவில் தெரு வகை ஸ்கேட்போர்டில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. நம் பிள்ளைகளை இளமையிலேயே தொடங்கச் செய்யவேண்டிய அவசியத்தை அவ்வயது காட்டுகிறது.

பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கிராமிய விளையாட்டுகளோடு ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியையும் அக்காரியங்களில் சேர்த்திருக்கிறது. உங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளும் செலவை மட்டும் அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே பயிற்சிக்குக் கொடுப்பதையும் விளம்பரத்துக்குக் கொடுப்பதையும் வேறுபிரித்து வைத்துக்கொள்வது சட்டத்துக்கும் நல்லது, பெறுகிறவனின் சுயமரியாதைக்கும் நல்லது. சட்டம் கட்டாயப்படுத்தாத கூட்டாளி ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களே உங்களில் மிகுதி. ஆயினும் கோயில் காரியங்களுக்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல்தான் நீங்கள் கொடுத்துவருகிறீர்கள் என்பது என் தைரியம்.

ஆதலால் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களின் சங்கங்களும் சேர்ந்து ஒரு பொது நிதியை ஏற்படுத்துங்கள். அதிலிருந்து ஆதரவு பெறத்தக்கவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், அலையிலோ பலகையிலோ விழுந்து எழுந்த அனுபவமுள்ள இருவரையும், எலும்புமுறிவு வைத்தியம் அறிந்த டாக்டர் ஒருவரையும், பெண்ணொருத்தியையும் கட்டாயம் அமர்த்துங்கள். அக்குழு பதக்கத்தைக் கேட்பதற்கு முன், அந்த இளைஞனோ யுவதியோ பயில்வதைக் குறைந்தது சில நாட்களாவது நேரில் போய்ப் பார்க்கட்டும். எப்படி விழுகிறார்கள், எப்போது மறுக்கிறார்கள், தமக்குத் தெரிந்ததை யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதட்டும். தேர்ந்தவர்க்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் உதவுங்கள். காயம்பட்டுப் படுத்த ஆண்டில் உதவியை நிறுத்தாதீர்கள். முதல் ரூபாயைக் கொடுக்குமுன் காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் கொடுங்கள். இவற்றோடு, மருந்து அறைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் தொலைவாக, பள்ளிப் பிள்ளைகள் நடந்தே வரக்கூடிய ஓர் இடத்தில், ஒரு கான்கிரீட் ஸ்கேட்போர்டுத் தளத்தை இந்த வட்டாரத்தில் கட்டித் தாருங்கள்.

தீபாவளி முடிந்து ஆபீசுகள் மூடியிருக்கும் வாரங்களில் உங்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் ஒரு மாலை, சிவகாசியிலோ எங்கள் தாயில்பட்டியிலோ, இவ்விஷயம் ஒன்றுக்காகவே கூடிப் பேசவேண்டும் என்றும், வெறுங்கையோடு திரும்பிய அந்த இளைஞனைப் போன்றவர்களை அக்கூட்டத்துக்கு அழைத்து அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கவேண்டும் என்றும், தேதியை முன்கூட்டியே சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டித் தெரிவிக்கவேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தாயில்பட்டியிலிருந்து
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்